முதுமை மறதி: சாயங்காலம் ஆனாலே அப்பாவுக்குக் கோபம், எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செம்பவாங் மகள் | திங்கள், இரவு 11.52

வணக்கம். இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 78 வயது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முறை லேசான பக்கவாதம் வந்தது, அதன் பிறகு ரத்தக்குழாய் அடைப்பால் வரும் முதுமை மறதி என்று மருத்துவர் சொன்னார். மறதி கூடப் பழகிவிட்டது. கோபம்தான் பழகவில்லை.

ஐந்தரை, ஆறு மணி ஆனால் ஆரம்பம். "என் பாஸ்புக்க எவன் எடுத்தான்?" அவரே அரிசி டப்பாவுக்குள் சொருகி வைத்திருப்பார். எடுத்துக் கொடுத்தால், "பாத்தியா, திருடினவளுக்குத்தான் இடம் தெரியும்" என்பார். அம்மாவைப் பார்த்து, "யாருடி நீ, என் வீட்டுல என்ன பண்றே" என்று கேட்கிறார். 50 வருடம் குடும்பம் நடத்திய அம்மா சமையல்கட்டில் நின்று அழுகிறார்.

குளிக்க வைப்பது இன்னும் மோசம். மியன்மார்ப் பிள்ளை ஒன்று பணிப்பெண்ணாக இருக்கிறது, தங்கமான பிள்ளை. போன வாரம் அதன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார், வீங்கிப் போனது. வேலையை விட்டுப் போய்விடுமோ என்று எனக்கு பயம்.

அண்ணன் ஜூரோங்கில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவார். அப்போது அப்பா சிரித்துப் பேசி, கோழிக்கறி சாப்பிட்டு, பேரனுக்குக் காசு கொடுப்பார். "நீதான் எதிர்த்துப் பேசிக் கிளப்பிவிடுறே" என்று எனக்கு அறிவுரை சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பிவிடுவார்.

மருத்துவரிடம் தூக்க மாத்திரை கேட்கலாமா? யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

கரிகாலன் | செவ்வாய், நள்ளிரவு 12.15

கேளுங்கள் சகோதரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் பெரியப்பாவுக்குக் கொடுத்தார்கள். ரெண்டே நாளில் சாதுவாகிவிட்டார். வீட்டில் எல்லாரும் தூங்கினோம்.

இரவுப்பணித் தாதி | செவ்வாய், அதிகாலை 4.40

முதியோர் வார்டில் வேலை. இப்போது ஓய்வு நேரம், கோப்பியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

தங்கச்சி, முதலில் ஒரு கேள்வி. இந்தக் கோபம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடியதா, அல்லது ஓரிரண்டு நாளில் திடீரென்று ஏறியதா? திடீரென்று என்றால் அதை முதுமை மறதியின் கணக்கில் எழுதவே கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, புது மருந்து, நெஞ்சுச்சளி, எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் காட்டாது, புத்தி மட்டும் தடுமாறும். அப்படி என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெல்லக் கூடியது என்றாலும் வலி இருக்கிறதா என்று பாருங்கள். நம்மைப் போல் "முட்டி வலிக்குது" என்று சொல்ல அவர்களுக்கு வராது. எழுப்பி நிற்க வைக்கும்போது முகம் சுளிக்கிறாரா, வயிற்றைத் தொட்டால் கையைத் தட்டுகிறாரா, பல்செட் போட்டால் சாப்பிட மறுக்கிறாரா? காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா? காது கேட்காத ஆளுக்குப் பக்கத்தில் நாம் பேசிக்கொண்டால் தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று தோன்றும். திருட்டுச் சந்தேகத்துக்கு இது நல்ல தீனி.

மருந்துப் பையை மொத்தமாகக் கொட்டிப் பாருங்கள். கடையில் வாங்கும் தூக்கம் வரும் சளி மாத்திரை, குளோர்பெனிரமின் வகை, சாதாரண மருந்துதான். ஆனால் முதுமை மறதி உள்ளவருக்குக் குழப்பத்தை ஏற்றிவிடும். சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். நீங்களாக நிறுத்த வேண்டாம், பையோடு போய் மருந்தாளரிடம் கேளுங்கள்.

இப்போது கரிகாலன் சொன்ன மாத்திரை. 'சாதுவாக்கும்' மருந்துகள் பெரும்பாலும் மனநோய்க்குக் கொடுப்பவை. முதுமை மறதி உள்ள முதியவர்களுக்கு இவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தது. பக்கவாதம் வரும் அபாயமும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை வந்திருக்கிறது. கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. யாருக்காவது ஆபத்து, அல்லது அவரே தாங்க முடியாமல் தவிக்கிறார் என்றால் குறைந்த அளவில் கொடுத்து, சில வாரத்துக்கு ஒருமுறை இன்னும் தேவையா என்று மருத்துவர் பார்ப்பார். லூயி பாடி என்று ஒரு முதுமை மறதி வகை உண்டு, அது என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஹாலோபெரிடால் போன்ற மருந்து ஆளையே முடக்கிவிடும். அந்த வகையில் இல்லாத குழந்தைகளும் நாய்களும் கண்ணுக்குத் தெரியும்.

சரி, மணி அடிக்கிறது. குளியல் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

பழைய நேவல்பேஸ்காரன் | செவ்வாய், காலை 8.05

அம்மாடி, என் வீட்டுக்காரிக்கு அல்சைமர். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும், அதுவும் மளமளவென்று. அந்த நேரத்தில் வீடு எப்படி இருக்கும் பாருங்கள். குக்கர் விசில், பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், டிவி செய்தி, கீழே கார் நிறுத்துமிடத்தில் ஹாரன். நமக்கே தலை சுற்றும். எங்கள் வீட்டில் ஹால் ஜன்னல் பெரிசு. வெளியே இருட்டி உள்ளே விளக்கு போட்டதும் கண்ணாடியில் எங்கள் உருவமே தெரியும். அதைப் பார்த்துத்தான், "அந்த ஆள் ஏன் நிக்கிறான், போகச் சொல்லு" என்று கத்தியிருக்கிறாள். ஒருநாள் அவள் நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. இப்போது ஆறு மணிக்கே திரைச்சீலையை இழுத்து மூடி எல்லா விளக்கையும் போட்டுவிடுவேன். டிவி கிடையாது. ஒலி 96.8 வானொலி மெல்ல ஓடும்.

பாஸ்புக் விஷயத்துக்கு ஒரு வழி. கணக்கு மூடிய பழைய பாஸ்புக் இருந்தால் அதை அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு டின்னும் கொடுங்கள், பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளட்டும். தொலைந்தால், "திருடல அப்பா, நீங்கதான் வச்சீங்க" என்று நிரூபிக்கப் போகாதீர்கள். "அட, காணோமா? வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று கூட நடங்கள். முதலில் வேறு இரண்டு இடத்தில் தேடிவிட்டு அரிசி டப்பாவுக்குப் போங்கள். அவர் கையாலேயே எடுக்கட்டும்.

எட்டாம் மாடி | செவ்வாய், காலை 9.30

ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் பெற்ற அப்பாவிடம் செல்லாத பாஸ்புக்கைக் கொடுத்து நாடகம் ஆடுவது எனக்கு ஒப்பவில்லை. புத்தி தெளிவாக இருக்கும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டால்? அப்புறம் எதை நம்புவார்?

பழைய நேவல்பேஸ்காரன் | செவ்வாய், காலை 10.12

தம்பி, என் வீட்டுக்காரி தினமும், "எங்கம்மா எங்க?" என்று கேட்பாள். அவர் போய் 30 வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சாவு விழுந்த வீடு மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அரை மணி கழித்துத் திரும்பவும் கேட்பாள். இப்போது, "அத்தை வைக்கிற மீன் குழம்பு மாதிரி வருமா?" என்று பேச்சை ஆரம்பிப்பேன். அதில் பொய் ஏதும் இல்லை. அவளும் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

எட்டாம் மாடி | செவ்வாய், காலை 10.20

குழம்பு சரி ஐயா. பாஸ்புக்கில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

பெயர் வேண்டாம் | செவ்வாய், மாலை 6.48

எல்லாரும், "அது நோய் பேசுவது, அப்பா பேசவில்லை" என்கிறீர்கள். என் அப்பா நோய் வருவதற்கு முன்பும் அடித்தவர். பெல்ட், குடைக்கம்பு, கையில் கிடைத்தது எல்லாம். அம்மாவுக்கும் உண்டு. இப்போது அவருக்கு முதுமை மறதி. என்னைப் பார்த்துக் கை ஓங்கும்போது எனக்கு ஏழு வயதாகிவிடுகிறது. சொந்தக்காரர்கள், "பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், என் உடம்புக்குத் தெரிகிறதே.

இதற்கு என்ன பொறுமை, என்ன திரைச்சீலை?

இரவுப்பணித் தாதி | புதன், அதிகாலை 3.15

பெயர் வேண்டாம், உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும் என்று நேற்று மாலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூளையின் முன்பகுதி பழுதானால் அடக்கும் சக்தி போய்விடும். சாந்தமாக இருந்தவரும் கத்துவார். ஏற்கெனவே கத்தியவர் இன்னும் கத்துவார். இன்றைக்கு அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. அதனால் அன்றைக்குச் செய்தது இல்லை என்று ஆகாது. அவரை நீங்கள் மன்னித்தாக வேண்டும் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை.

அவருக்குப் பராமரிப்பு கிடைக்க வேண்டும். அந்தக் கை உங்கள் கையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உடம்பைத் தொடும் வேலைகளை, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாவற்றையும், வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். பணிப்பெண்ணோ, வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரோ. மருந்து, பணம், மருத்துவர் சந்திப்பு இவற்றை நீங்கள் பாருங்கள். அதுவும் பராமரிப்புதான். முதியோர் இல்லம்தான் வழி என்று ஆனாலும் ஊர் வாயை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். மனசு ரொம்ப முட்டினால் 1771க்கு எந்நேரமும் அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி எண்.

எல்லாருக்கும் ஒன்று. கை ஓங்கும்போது கையைப் பிடித்து அடக்கப் பார்க்காதீர்கள், இன்னும் முறுகும். இரண்டு எட்டு பின்னால் போய், வாசல் உங்கள் பக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். கத்தி, கத்தரிக்கோல், அம்மிக்குழவி எல்லாம் கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும். ஜன்னல் கிரில் பூட்டியிருக்கட்டும். அவர் விழக்கூடிய நிலையில் இல்லை என்றால் அறையை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, புதிதாக வருபவர் போல உள்ளே போங்கள். பல நேரம் சண்டை போட்டதே நினைவிருக்காது. காயம் பட்டால் ஆம்புலன்சுக்கு 995.

ஜூரோங் வெஸ்ட் அண்ணி | புதன், காலை 11.05

எனக்குப் பணிப்பெண் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் சரியாகத் தொடவில்லை.

மகளே, அந்தப் பிள்ளை போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள், நியாயம். மணிக்கட்டை மருத்துவரிடம் காட்டினீர்களா? நம் வீட்டில் அடி வாங்கினால் நாம்தான் பொறுப்பு. "தாத்தா கை ஓங்கினா, குளியல் பாதியில இருந்தாலும் நீ வெளியே வந்துடலாம், உன்னைத் திட்டமாட்டேன்" என்று அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள், அம்மா முன்னாலேயே. இதைச் சொல்லாததால்தான் பயந்துபோய் உள்ளேயே நின்று அடி வாங்குகிறார்கள். மாதம் ஒரு நாளாவது கட்டாய ஓய்வு நாள், அதற்குப் பதில் காசு கொடுத்துச் சரிக்கட்ட முடியாது, 2023 முதல் அதுதான் சட்டம். அந்த நாளில் அண்ணன் வரட்டும்.

67 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர் கூட இருந்தால் பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை மாதம் 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான். தெரியாமல் முழுத் தீர்வை கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டால் பணிப்பெண்ணுக்கு முதுமை மறதிப் பராமரிப்புப் பயிற்சியும், அதற்கு மானியமும் உண்டு. எண் 1800 650 6060.

இன்னொன்று, உங்கள் அப்பா பட்டறையில் மலாய்க்காரர்களோடு வேலை செய்திருப்பார். என் மாமனாருக்குக் கடைசியில் ஆங்கிலம் போய், தமிழும் மலாயும்தான் நின்றது. நாங்கள் வைத்திருந்த பணிப்பெண் இந்தோனீசியா. "டூடோக் டூலு, பாக்" (முதல்ல உட்காருங்க ஐயா) என்று அவள் மலாயில் சொன்னால் உட்கார்ந்துவிடுவார். உங்கள் பிள்ளைக்கும் நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். "சூடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்டபடி உள்ளே வரும் ஆளைத் திருடி என்று சொல்ல மனம் வராது.

இரவுப்பணித் தாதி | புதன், மாலை 5.20

அண்ணி சொன்னதோடு குளியலையும் சேர்த்துவிடுகிறேன்.

ஒரு வெல்டர். வாழ்நாள் முழுக்கத் தானே குளித்த ஆண்பிள்ளை. முன்பின் தெரியாத சின்னப் பெண் வந்து வேட்டியை அவிழ்க்கிறாள். தலைக்கு மேலிருந்து திடீரென்று தண்ணீர் கொட்டுகிறது, சத்தம் வேறு. கை ஓங்காமல் என்ன செய்வார்?

முதலில் நேரத்தை மாற்றுங்கள். சாயங்காலம் வேண்டாம், காலை பத்து மணி வாக்கில். ஷவர் வேண்டாம், வாளியும் குவளையும். அந்தக் காலத்து ஆட்களுக்கு அதுதான் கை பழகியது. தண்ணீரை முன்பே வெதுவெதுப்பாக்கி வைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் துண்டைப் போட்டபடியே, காலில் ஆரம்பித்து மேலே வாருங்கள். தலை கடைசி. குவளையை அவர் கையில் கொடுங்கள், எவ்வளவு ஊற்றுகிறாரோ ஊற்றட்டும். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் மட்டும். மறுத்தால் விட்டுவிடுங்கள். தினமும் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். இதை அம்மாவுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம், நம் வீடுகளில் குளிக்காமல் விளக்கேற்ற விடமாட்டார்கள்.

கரிகாலன் | புதன், இரவு 10.31

தாதி அக்கா, ஒரு சந்தேகம். பெரியப்பாவுக்கு இப்போது நடை தள்ளாடுகிறது. பகலெல்லாம் தூக்கம். மருந்து ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதே அளவில்தான் ஓடுகிறது. அதனாலா?

இரவுப்பணித் தாதி | வியாழன், அதிகாலை 2.50

பார்க்காமல் சொல்ல முடியாது தம்பி. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் முன்கூட்டியே போய், "இந்த மருந்து இன்னும் தேவையா, குறைத்துப் பார்க்கலாமா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். திடீரென்று நீங்களே நிறுத்தாதீர்கள். விழுந்து இடுப்பு முறிந்தால் அதிலிருந்து எழுவது கடினம்.

எட்டாம் மாடி | வியாழன், மதியம் 1.15

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். வெளியாள் வந்தால் கொஞ்ச நேரம் கெத்தாக இருப்பது இந்த நோயில் சகஜம். என் அம்மாவும் மருத்துவரிடம் பிரமாதமாகப் பேசுவார். அதனால் ஞாயிறு மதிய விருந்தை வைத்து எடை போட முடியாது. அண்ணனிடம் சண்டை வேண்டாம். "புதன்கிழமை எனக்கு வேலை இருக்கு, அஞ்சு மணியிலேர்ந்து ஒன்பது வரைக்கும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தேக்காவில் போய் ஒரு தேநீர் குடியுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

பாஸ்புக் என்றதும் ஞாபகம் வந்தது. தனக்கு முடியாமல் போனால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதியாகிவிட்டதா? அவருக்கு இன்னும் புரிந்து முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்று சான்றளிப்பவர் கருதினால்தான் முடியும். அது போய்விட்டால் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரதிநிதியாக நியமனம் வாங்க வேண்டும், செலவும் அலைச்சலும். அண்ணனும் நீங்களும் பேசித் தீர்க்க வேண்டிய உண்மையான பாஸ்புக் விவகாரம் இதுதான்.

செம்பவாங் மகள் | அடுத்த வாரம் சனி, இரவு 9.40

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பாலிகிளினிக்கில் சிறுநீர்ச் சோதனை சுத்தம், தொற்று இல்லை. ஆனால் இரண்டு காதிலும் அழுக்கு அடைத்துக் கல் மாதிரி இருந்தது. சொட்டுமருந்து விட்டு எடுத்தார்கள். மலச்சிக்கலும் இருந்திருக்கிறது, அதற்கும் மருந்து. டிவி சத்தம் பாதியானது. நாங்கள் பேசினால், "என்னடி குசுகுசுன்னு" என்பதும் குறைந்திருக்கிறது.

காலைக் குளியல், வாளி, குவளை, எல்லாம் செய்தோம். முதல் நாள் குவளைத் தண்ணீரைப் பிள்ளையின் மேலேயே ஊற்றிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். அதிலிருந்து பரவாயில்லை. ஒருநாள் மறுத்தார், விட்டுவிட்டோம். அம்மா முணுமுணுத்தார். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்குதான்.

பாஸ்புக் தொல்லை குறையவே இல்லை. பழையதைக் கொடுத்தேன், எட்டாம் மாடி மன்னிக்கவும். அதையும் ஒளித்து வைத்துவிட்டுத் தேடுகிறார். ஆனால் தேடுவதற்கு இப்போது என்னையும் கூப்பிடுகிறார், திருடி என்பதில்லை. பிள்ளையை மட்டும் இன்னும் சந்தேகம்.

அண்ணன் புதன்கிழமை வந்தார். எட்டரைக்கே போன் வந்துவிட்டது, "எங்கே இருக்கே, சீக்கிரம் வா" என்று. பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் பாதிச் செலவைத் தான் தருவதாக இப்போது அவரே சொல்கிறார். தமிழ் பேசுகிறவர்கள் இருக்கும் இடம் தெரியுமா?

ஜூரோங் வெஸ்ட் அண்ணி | சனி, இரவு 10.02

முதுமை மறதிக்கான டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பு நடத்தும் நியூ ஹொரைசன் பகல்நேர நிலையங்கள் தோ பாயோ, தெம்பனிஸ், புக்கிட் பாத்தோக், ஜூரோங் பாயிண்ட்டில் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கம் என்றால் ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன், அங்கே எல்லா இனத்தவரும் இருப்பார்கள், நம்ம ஆட்களும் உண்டு. எங்கே காலியிடம், எவ்வளவு மானியம் என்பதற்கு டிமென்ஷியா சிங்கப்பூர் உதவி எண் 6377 0700க்கு அழையுங்கள். தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் கோபம் வருவதை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் முதல் வாரமே திருப்பி அனுப்புவார்கள்.

பழைய நேவல்பேஸ்காரன் | ஞாயிறு, காலை 7.30

இன்னொரு விஷயமும் கேளுங்கள் அம்மாடி. பல நிலையங்களில் வேன் நாலரை, ஐந்து மணிக்கே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். உங்கள் அப்பாவுக்கு மோசமான நேரமே அதற்குப் பிறகுதான். ஏழு மணிவரை வைத்துக்கொள்ளும் இடம் கிடைத்தால் காசு கூட ஆனாலும் அதையே எடுங்கள். சேர்க்கும் முன் பார்க்க வரச் சொல்வார்கள், அப்பாவை ஞாயிறு மதிய முகத்தோடு கூட்டிக்கொண்டு போகாதீர்கள், சாயங்காலமாகப் போங்கள். அண்ணனையும் கூட்டிப் போங்கள்.

செம்பவாங் மகள் | ஞாயிறு, காலை 8.11

நாளைக்கே போன் செய்கிறேன் ஐயா. போய்ப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.